ஒரே பெயர், இரண்டு புட்டி: நான் ஏன் இ.டி.டி பக்கம் சாய்ந்தேன்

என் அலமாரியில் ஒரே பெயருள்ள இரண்டு வாசனைப் புட்டிகள் இருக்கின்றன. ஒன்று ஓ டி பர்ஃப்யூம், மற்றது ஓ டி டாய்லெட். சுருக்கமாக இ.டி.பி, இ.டி.டி. முதலில் வாங்கியது இ.டி.பி. இரண்டு வருடம் ஆகியும் அதில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது. அதற்குப் பிறகு வாங்கிய இ.டி.டி தீர்ந்துபோய், இப்போது இரண்டாவது புட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்கு எது பிடித்தது என்று அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆனாலும் உயர்ரகப் பெர்ஃப்யூம் வாங்கப் போகும் தோழிகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எது ரொம்ப நேரம் நிற்கும்?" நானும் அதைக் கேட்டுத்தான் முதல் புட்டியை வாங்கினேன். தேர்வை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கியதுதான் தவறு என்று இப்போது நினைக்கிறேன்.

எல்லாருக்கும் தெரிந்த விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். இரண்டிலும் இருப்பது ஆல்கஹாலில் கரைத்த வாசனை எண்ணெய்க் கலவை. இ.டி.பி-யில் அது பொதுவாக 15 முதல் 20 சதவீதம், இ.டி.டி-யில் 5 முதல் 15 சதவீதம். இது தொழிலில் பழகிவந்த கணக்கு மட்டுமே. ஒரு நிறுவனத்தின் இ.டி.டி இன்னொன்றின் இ.டி.பி-யை விடத் தூக்கலாக இருப்பதும் உண்டு. டாய்லெட் என்ற பெயரைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். அந்தப் பிரெஞ்சுச் சொல் அலங்கார மேசை மேல் விரிக்கும் துணியிலிருந்து பிறந்து, பிறகு ஒப்பனை செய்துகொள்வதையே குறிக்க வந்தது.

இனி, பலரும் கவனிக்காத விஷயம். இ.டி.டி என்றால் இ.டி.பி-யில் தண்ணீர் கலந்தது என்று நினைப்பவர்கள் நிறைய. பெரிய நிறுவனங்களின் பிரபலமான வாசனைகளில் பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. ஷனெல் நிறுவனத்தின் நம்பர் 5-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எர்னஸ்ட் போ என்ற வாசனைக் கலைஞர் அதை உருவாக்கியது 1921-இல். அதன் இ.டி.டி 1920-களிலேயே வந்துவிட்டது. இன்று நாம் பார்க்கும் இ.டி.பி-யோ 1986-இல் ஜாக் போல்ஜ் அமைத்தது. நடுவில் அறுபது வருடத்துக்கும் மேல் இடைவெளி, கையும் வேறு. இ.டி.டி-யில் ஆல்டிஹைடுகள் என்ற மணப்பொருள்களின் பளிச்சென்ற, நல்ல சோப்பை நினைவூட்டும் தொடக்கம். அடியில் சந்தனமும் வெட்டிவேரும். இ.டி.பி-யில் பூக்கள் உருண்டு திரண்டிருக்கும், வெனிலா இனிப்பு கூடியிருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் முகர்ந்தால் அக்கா தங்கை மாதிரி இருக்கும். ஒரே ஆள் என்று சொல்ல மாட்டோம்.

(வெட்டிவேர் நம் சொல்தான். பிரெஞ்சுக்காரர்களும் கிட்டத்தட்ட அப்படியேதான் சொல்கிறார்கள். பச்சோலி என்ற வாசனை இலையின் பெயரும் தமிழிலிருந்து போனது என்றே ஆங்கில அகராதிகள் குறிக்கின்றன. பாரிஸ் புட்டிகளின் அடியில் இப்படி நம் வேரும் இலையும் இருப்பதில் எனக்கு எப்போதும் ஒரு தனி சந்தோஷம்.)

கெர்லான் நிறுவனத்தின் ஷாலிமாரும் இப்படித்தான். 1925-இல் வந்த அந்த வாசனையின் அழகு ஒரு முரணில் இருக்கிறது. மேலே பெர்கமாட் என்ற எலுமிச்சை இனப் பழத்தோலின் வெளிச்சம். கீழே வெனிலாவும் புகையும் பதனிட்ட தோலின் மணமும் கலந்த இருட்டு. இ.டி.டி-யில் அந்த வெளிச்சம் நன்றாகத் தெரியும். இ.டி.பி-யில் இருட்டு சீக்கிரமே மேலே வந்துவிடும். ஷனெலின் கோகோ மட்மோசெலிலும் இதே கதை. இ.டி.டி-யில் ஆரஞ்சு முன்னால் நிற்கும், இ.டி.பி-யில் பச்சோலி.

எனக்குத் தீர்ப்பு சொன்னது இந்த மேல்பகுதிதான். அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு பெர்ஃப்யூம் தோலில் பட்டதும் முதலில் பறந்துபோவது ஆல்கஹால். அதன் நெடி சில விநாடிகளில் அடங்கும். அதன் பின் மேல்மணம்: எலுமிச்சை, ஆரஞ்சு, பெர்கமாட் போன்றவை. இவற்றின் மூலக்கூறுகள் சிறியவை, லேசானவை; கால் மணி, அரை மணிக்குள் காற்றோடு போய்விடும். அடுத்து ரோஜா, மல்லிகை போன்ற நடுமணம் சில மணி நேரம் இருக்கும். கடைசியில் பச்சோலி, வெனிலா, சந்தனம், கஸ்தூரி வகைகள். இவை கனமானவை, மெதுவாக ஆவியாகும், துணியில் மறுநாள் வரைகூடத் தங்கும். ஒரு வாசனையை அதிக நேரம் நிற்க வைக்க வேண்டுமானால், அதை அமைப்பவர் அடிமணத்தைக் கூட்டியாக வேண்டும். கூட்டினால் மேலே இருக்கும் வெளிச்சம் மங்கும். "ரொம்ப நேரம் நிற்கும்" என்பதற்கு நாம் கொடுக்கும் விலை இதுதான். கடையில் அட்டைத் துண்டில் அடித்து ஒரு நிமிடம் முகரும்போது இந்த விலை கண்ணில் படுவதில்லை.

ஒரு விடுமுறை நாளில் இதைச் சோதித்துப் பார்த்தேன். காலை ஏழு மணிக்கு, குளித்துத் துடைத்த கைகளில், இடது மணிக்கட்டில் இ.டி.பி ஒரு தடவை, வலது மணிக்கட்டில் இ.டி.டி ஒரு தடவை. ஏழு பத்துக்கு வலது கையில் ஆரஞ்சுத் தோலை நகத்தால் கீறியது போல ஒரு மணம். கிட்டக் கொண்டுபோனால் நாக்கே ஊறும். இடது கையிலும் ஆரஞ்சு இருந்தது, ஆனால் பாகில் ஊறிய ஆரஞ்சு. எட்டு மணிக்கு வலதில் ரோஜா தெளிவாக இருந்தது. இடதில் ரோஜாவும் பச்சோலியும் பிரிக்க முடியாமல் கலந்துவிட்டன. பதினோரு மணிக்கு வலது கையை மூக்கில் ஒட்டினால்தான் மணம். இடது கை அரை அடி தூரத்திலேயே மணந்தது. மாலை ஐந்துக்கு வலதில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. இடதில் இனிப்பான, கொஞ்சம் கனத்த ஒரு மணம் மிச்சம் இருந்தது, காலையிலிருந்து பெரிய மாற்றமில்லாமல்.

இ.டி.பி பத்து மணி நேரம் நின்றது உண்மை. ஆனால் அதில் எட்டு மணி நேரம் நின்றது அடிமணம் மட்டுமே. நான் அந்தப் பெர்ஃப்யூமை விரும்பியதே அதன் முதல் ஒரு மணி நேரத்துக்காக. அந்த ஒரு மணி நேரத்தை முழுசாகக் கொடுத்தது இ.டி.டி. மதியம் இன்னொரு முறை அடித்துக்கொண்டால் அதே ஒரு மணி நேரம் திரும்பவும் கிடைக்கிறது. இ.டி.பி-யில் இது முடியாது. காலையில் அடித்தது இன்னும் தோலில் இருக்கும். மேலே இன்னொரு அடுக்கு போட்டால் கனம்தான் கூடும்.

இன்னொரு விஷயமும் இதோடு சேர்கிறது. ஒரே வாசனையைத் தொடர்ந்து முகர்ந்தால் மூக்கு பழகிவிடும். இருபது நிமிடத்தில் நமக்கே நம் வாசனை தெரியாமல் போகும்; பக்கத்தில் இருப்பவருக்கோ அது அப்படியே தெரியும். சில செயற்கைக் கஸ்தூரி வகைகளை முகரவே முடியாதவர்களும் இருக்கிறார்கள். ஆகவே "எனக்குத் தெரியவில்லை, போய்விட்டது" என்று நினைத்து மேலும் மேலும் அடித்துக்கொள்வது எளிதில் நடக்கும். எனக்கே நடந்தது. ஒரு காலையில் இ.டி.பி-யை மூன்று தடவை அடித்து, வாசனை வரவில்லையே என்று இன்னும் இரண்டு தடவை அடித்துக்கொண்டு மூடிய அறையில் ஒரு கூட்டத்துக்குப் போனேன். அரை மணியில் பக்கத்தில் இருந்த பெண் நெற்றியைத் தேய்க்கத் தொடங்கினார். பிறகு மெதுவாக நாற்காலியை நகர்த்திக்கொண்டார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூட்டம் முடியும் வரை எனக்கு மனசு கேட்கவே இல்லை. எழுந்துபோய்க் கழுவினாலும் அவ்வளவு சுலபத்தில் போகிற மணமில்லை அது. இ.டி.டி-யிலும் அளவு தவறலாம். ஆனால் ஒரு மணி நேரத்தில் அது தானாக அடங்கிவிடும். நெருக்கமாக உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கு, மருத்துவமனைக்குப் போகிறவர்களுக்கு, கைக்குழந்தையைத் தூக்குபவர்களுக்கு, இந்த ஒரு காரணமே போதும் என்பது என் கருத்து.

இ.டி.பி-க்கு நியாயமாகச் சேர வேண்டியதையும் சொல்ல வேண்டும். முதலில் சிக்கனம். பெரும்பாலான புட்டிகளில் ஒரு அழுத்துக்கு ஏறக்குறைய 0.1 மில்லி வரும். 50 மில்லி புட்டி என்றால் சுமார் 500 அழுத்து. இ.டி.பி நாளுக்கு இரண்டு போதும். தினமும் போட்டாலும் 250 நாள் வரும். இ.டி.டி-யை நான் காலையில் மூன்று, மதியம் இரண்டு என்று அடிக்கிறேன். 100 நாளில் புட்டி காலி. கடையில் இ.டி.டி விலை குறைவாகத் தெரிந்தாலும் ஒரு நாளைக்கு ஆகும் செலவில் அதுதான் அதிகம். இதை மறைத்து அதைப் பரிந்துரைக்க எனக்கு மனமில்லை.

இரண்டாவது, தோல். வறண்ட தோலில் வாசனை சீக்கிரம் மறையும். அப்படிப்பட்டவர்களுக்கு இ.டி.டி ஒரு மணி நேரம்கூடத் தாக்குப்பிடிக்காமல் போகலாம். மணமில்லாத மாய்ஸ்சரைசரைத் தடவி அதன் மேல் அடித்தால் கொஞ்சம் நீளும். அதற்கும் போதவில்லை என்றால் இ.டி.பி-தான் சரி. மூன்றாவது, சில வாசனைகளின் உயிரே அடியில்தான் இருக்கிறது. 1992-இல் வந்த முக்லேர் நிறுவனத்தின் ஏஞ்சல், பஞ்சு மிட்டாய் மணம் தரும் எத்தில் மால்டாலையும் பச்சோலியையும் மோதவிட்டுச் செய்தது. அதில் போய் லேசான மேல்மணத்தைத் தேடினால் ஏமாற்றம்தான். அந்த வகையை விரும்புகிறவர்கள் தயங்காமல் இ.டி.பி வாங்கலாம்.

கெடாமல் வைத்திருப்பதிலும் இ.டி.டி கொஞ்சம் பின்தங்குகிறது. வெளிச்சம், சூடு, காற்று மூன்றும் பெர்ஃப்யூமுக்கு ஆகாது. அதில் முதலில் கெடுவது எலுமிச்சை வகை மணங்கள்தான். ஆக்சிஜனோடு சேர்ந்து புளித்த வாடையோ வார்னிஷ் வாடையோ வரும். மேல்மணத்தை நம்பி நிற்கும் இ.டி.டி-யில் அது சட்டென்று தெரிந்துவிடும். அதனால் பெரிய புட்டி வாங்கி வருடக்கணக்கில் வைக்காதீர்கள். குளியலறையில் வைக்கவே கூடாது. நான் வந்த அட்டைப் பெட்டியிலேயே போட்டு, துணி அலமாரியின் உள்தட்டில் வைக்கிறேன். இ.டி.பி-யில் வேறொரு தொல்லை. வெனிலா அதிகம் உள்ளவை பழுப்பாக இருக்கும். வெள்ளைத் துணியிலும் பட்டிலும் கறை விடும். துணியில் அடிப்பதானால் உள்மடிப்பில் அடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்ட்ரே எனப்படும் இன்னும் அடர்த்தியான வகையை நான் ஒரு சாம்பிள் அளவுக்கு மேல் பயன்படுத்தியதில்லை. கடுங்குளிரில் எது எப்படி நடந்துகொள்ளும் என்பதும் எனக்கு அனுபவப்பட்டதில்லை. குளிரில் ஆவியாவது குறையும் என்பதால் அங்கே இ.டி.பி-யின் கனம் உறுத்தாமல் இருக்கலாம். நான் சொல்வதெல்லாம் சூட்டிலும் புழுக்கத்திலும் போட்டுப் பார்த்து வந்த முடிவு. குளிர் நாடுகளில் இருப்பவர்கள் அதற்கேற்ப எடுத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும் முன் இரண்டு வகையிலும் 1.5 அல்லது 2 மில்லி சாம்பிள் கேட்டு வாங்குங்கள். ஒரு முழு நாள், கைக்கு ஒன்றாகப் போட்டுக்கொள்ளுங்கள். முதல் பத்து நிமிடம், ஒரு மணி நேரம், நான்கு மணி நேரம், மாலை என்று நான்கு தடவை முகர்ந்து, எந்த நேரத்து மணத்துக்காக மறுபடியும் கையை மூக்கருகே கொண்டுபோனீர்கள் என்று மட்டும் குறித்துவையுங்கள். என் தோழி ஒருத்தி இதைச் செய்துவிட்டு இ.டி.பி-தான் வாங்கினாள்; அவள் திரும்பத் திரும்ப முகர்ந்தது மாலை ஐந்து மணி மணத்தை. என் பாதிப் புட்டி இ.டி.பி-யையும் இப்போது அவளிடம் கொடுப்பதாகப் பேசி வைத்திருக்கிறேன்.