"லைவ்வுக்கு தனி மிக்ஸ்"னு சொல்லி 42,000 பில் போட்டாங்க, சர்ச் கமிட்டில இருக்கவங்க தயவுசெஞ்சு முழுசா படிங்க

இத எழுதணுமா வேண்டாமான்னு ரெண்டு வாரம் யோசிச்சேன். கடை பேரு, ஆள் பேரு எதுவும் போடப் போறதில்ல, கமிட்டில அப்படித்தான் முடிவு பண்ணிருக்காங்க. ஆனா எங்களுக்கு இந்த வேலை செஞ்ச சவுண்ட்காரர் இப்ப பக்கத்து சேகரத்துலயும் (பக்கத்து சர்ச்சுகள் சேந்த வட்டாரம்) கொட்டேஷன் குடுத்திருக்காருன்னு கேள்விப்பட்டதும் மனசு கேக்கல.

எங்களுது திருநெல்வேலி பக்கம் ஒரு கிராமத்து சர்ச். ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு ஒரு இருநூறு பேர் வருவாங்க, ஊர்க்காரங்க மீதிப் பேரு சென்னை, பெங்களூரு, துபாய், மஸ்கட்னு பொழப்புக்குப் போயிருக்காங்க. 2020 லாக்டவுன்ல ஒரு மொபைல ஸ்டாண்டுல மாட்டி லைவ் போட ஆரம்பிச்சது, அப்புறம் நிப்பாட்ட முடியல, வயசானவங்க, படுக்கையில இருக்கவங்க, வெளியூர்ல இருக்கவங்க எல்லாருக்கும் அதுதான் ஆராதனை. சத்தம் சரியில்ல, சரியில்லன்னு வெளியூர்ல இருக்க பிள்ளைகளே காசு சேத்து அனுப்புனாங்க, "லைவ்வுக்குன்னு நல்லா ஒண்ணு பண்ணுங்க"ன்னு. அந்தக் காணிக்கைப் பணம்தான் இப்படிப் போச்சு, அதான் ஆத்திரமே.

எங்ககிட்ட ஏற்கனவே பெரிங்கர் எக்ஸ்32ன்னு ஒரு டிஜிட்டல் மிக்சர் இருக்கு. கொயர்ல பாடிட்டு இருந்த நான் ரெண்டு வருஷமா மிக்சர்ல உக்காந்திருக்கேன், ஃபேடர் (சத்தத்த கூட்டிக் குறைக்கிற தள்ளுகட்டை) ஏத்தி எறக்க, மைக் ஃபீட்பேக் வந்தா பிடிக்க தெரியும், எந்தச் சத்தம் எங்க போகணும்னு வைக்கிற ரவுட்டிங் பக்கமெல்லாம் தொட்டதில்ல. எங்களுக்கு இருந்த பிரச்சினை எல்லா சர்ச்லயும் இருக்கறதுதான். ஹாலுக்குள்ள ட்ரம்ஸ் சத்தம் மைக்கே இல்லாம காது கிழிய கேக்கும், அதனால ஸ்பீக்கர்ல அத விடவே மாட்டோம், சபையார் பாமாலை பாடுறது நேரா காதுல விழும். ஆனா லைவ்வுக்குப் போறது ஸ்பீக்கருக்குப் போற அதே மிக்ஸ்தானே, அதுல ட்ரம்ஸ் இல்ல, சபையார் இல்ல, கொயர்ல முன்னாடி நிக்கிற ரெண்டு பேரு குரல் மட்டும் தனியா மொட்டையா கேக்கும். அதுக்குத்தான் லைவ்வுக்குத் தனி மிக்ஸ் வேணும்னு கேட்டோம்.

இன்னொரு சர்ச் கமிட்டி அண்ணாச்சி சொல்லி ஒரு சவுண்ட்காரர் வந்தாரு. பாத்தாரு, தலைய ஆட்டுனாரு, லெட்டர்பேடுல எழுதிக் குடுத்தாரு: லைவ் மிக்ஸ் ப்ரோக்ராமிங் 18,000, ஆடியோ இன்டர்ஃபேஸ் 14,500, கேபிள் ஒர்க் 9,500, மொத்தம் 42,000. ஜிஎஸ்டி பில் கேட்டதுக்கு "சர்ச்சுக்குத்தான அண்ணாச்சி, பில் போட்டா இன்னும் 18 பர்சென்ட் ஏறும்"னாரு. கமிட்டில சரின்னுட்டாங்க. இங்கதான் முதல் தப்பு நடந்துச்சு, எந்த கமிட்டியும் இதச் செய்யாதீங்க.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ரெண்டு பையன்களோட வந்தாரு. மிக்சர்ல அரை மணி நேரம் உக்காந்தாரு. நான் பக்கத்துல போய் நின்னு பாத்தா "தம்பி, இது ப்ரோக்ராமிங், நீங்க தெரியாம கை வச்சா எல்லாம் அழிஞ்சுரும்"னு ஸ்க்ரீன மறைச்சுக்கிட்டாரு. மிக்சர் பின்னாடி இருந்து ஒரு ஒயர் இழுத்து, கைக்குள்ள அடங்குற ஒரு சின்ன கறுப்பு டப்பால சொருகி, அத லேப்டாப் யுஎஸ்பில போட்டாரு, அதுதான் 14,500 ரூவா இன்டர்ஃபேஸாம். கொயர் பிராக்டிஸ் நடந்துட்டு இருந்துச்சு, ஹெட்போன மாட்டி பொருளாளர் அண்ணாச்சிட்ட குடுத்தாரு, அவரும் கேட்டுட்டு "நல்லா இருக்கே"ன்னு 32,000 குடுத்தாரு. மீதி 10,000 பண்டிகை முடிஞ்சு தர்றதா பேச்சு.

அடுத்த வாரம் அசனப் பண்டிகை, சபையார் எல்லாரும் சேந்து சாப்பிடுற பண்டிகை. ஆராதனை ஆரம்பிச்சு பத்து நிமிஷத்துல மஸ்கட்ல இருக்க எங்க சித்தி போன் அடிக்கிறாங்க, "ஏலே, ஐயர் வாய் அசையுது, சத்தமே வரல, எங்கேயோ தூரத்துல கிணத்துக்குள்ள பேசுற மாதிரி இருக்கு"ன்னு. ஐயர்னா எங்க சர்ச் போதகர். நான் லேப்டாப்ல ஹெட்போன் போட்டுக் கேக்குறேன், எனக்கு நல்லா கேக்குது. சென்னைல இருக்க தம்பிக்கு போட்டேன், அவனும் இயர்போன்ல "கேக்குதே, ஆனா தலைக்குள்ள ஒரு மாதிரி சுத்துது"ங்குறான். அதுக்குள்ள லைவ் கமென்ட்ல இருபது பேரு சத்தம் இல்ல, சத்தம் இல்லன்னு போட்டுட்டாங்க. வருஷத்துக்கு ஒரு தடவ வர்ற பண்டிகை, அன்னிக்கு முழுக்க மொபைல்ல பாத்தவங்களுக்கு ஒண்ணுமே கேக்கல. படுக்கையில இருக்க ஒரு ஆச்சிக்கு பேத்தி மொபைல பிடிச்சுக்கிட்டே உக்காந்திருந்திருக்கா, இத அப்புறம் கேட்டப்ப எனக்கு சோறு எறங்கல.

சவுண்ட்காரருக்கு போன் போட்டா "அது உங்க ஊரு நெட் பிரச்சினை"ன்னாரு. நெட் பிரச்சினைன்னா படமும் நிக்கணும்ல, படம் சூப்பரா ஓடுது. மறுபடி கேட்டா "யூடியூப் சத்தத்த அமுக்கும் தம்பி, அப்படித்தான் வரும்". மூணாவது தடவ நேர்ல வந்து பாத்துட்டு, இதுக்கு ஒரு லவுட்னஸ் ப்ராசஸர் போடணும், 30,000 ஆகும்னாரு. கமிட்டில ரெண்டு பேரு அதுக்கும் சரின்னு சொல்லத் தயாரா இருந்தாங்க, பண்டிகைல பட்ட அவமானம் அப்படி.

அப்பத்தான் என்கூட காலேஜ்ல படிச்ச ஃப்ரெண்டு ஒருத்தன், கச்சேரிகளுக்கு சவுண்ட் பண்றவன், அவனுக்கு வீடியோ கால் போட்டேன். அவன் ஒரே ஒரு வேலை சொன்னான். "கொயர பாட விட்டுட்டு மெயின் ஃபேடர ஃபுல்லா கீழ எறக்கு, லைவ்ல என்ன கேக்குதுன்னு சொல்லு." எறக்குனேன். ஹால்லயும் சத்தம் போச்சு, லைவ்லயும் போச்சு. தனி மிக்ஸ்னா மெயின் ஃபேடர எறக்குனாலும் லைவ்ல பாட்டு ஓடிட்டே இருக்கணும். எக்ஸ்32ல 16 மிக்ஸ் பஸ் (தனித்தனியா மிக்ஸ் பண்ணி அனுப்புற வழி) இருக்கு, ஒவ்வொண்ணா செலக்ட் பண்ணி சென்ட்ஸ், அதாவது எந்த மைக் அதுக்கு எவ்வளவு போகுதுன்னு பாக்கச் சொன்னான். மானிட்டருக்குப் போறது நாலு, எஃபெக்டுக்குப் போற 13ல இருந்து 16 வரை, மத்தது எல்லாம் சுத்தமா காலி. 18,000 ரூவா ப்ரோக்ராமிங்குங்குறது எங்கேயும் இல்ல. ஸ்பீக்கருக்குப் போற மெயின் லெஃப்ட் அவுட்ல ஒரு ஒய் கேபிள் போட்டு ரெண்டா பிரிச்சிருக்காரு, அவ்வளவுதான் செஞ்ச வேலை.

சரி, மொபைல்ல ஏன் கேக்கலன்னா அந்தக் கேபிள்தான் காரணம். இத எல்லாரும் தெரிஞ்சுக்கணும்னு கொஞ்சம் வெளக்கமா சொல்றேன். எக்ஸ்எல்ஆர் கனெக்டர்ல மூணு பின், 1 எர்த், 2ல சிக்னல், 3ல அதே சிக்னல் தலைகீழா போகும். நீள ஒயர்ல எரைச்சல் ஏறாம இருக்கத்தான் இந்த ஏற்பாடு. இவரு அந்த 2ஐயும் 3ஐயும் கொண்டுபோய் 3.5 எம்எம் ஸ்டீரியோ பின்னோட லெஃப்ட், ரைட்ல சால்டர் பண்ணிருக்காரு. அப்ப லெஃப்ட்ல நேர் சத்தம், ரைட்ல அதே சத்தம் தலைகீழா. ஹெட்போன்ல ரெண்டு காதுக்கும் தனித்தனியா போறதால கேக்கும், தலை மட்டும் ஒரு மாதிரி இருக்கும். மொபைல் ஸ்பீக்கர் ரெண்டையும் சேத்து ஒண்ணாக்கும்போது ஒண்ண ஒண்ணு அடிச்சு பூஜ்யமாயிரும். சித்திக்குக் கேக்காததும் எனக்குக் கேட்டதும் இதனாலதான். இதுக்கு எந்த ப்ராசஸர் வாங்கிப் போட்டாலும் சரியாகாது, ஒயர மாத்துனாத்தான் சரியாகும். சவுண்ட் தொழில்ல இருக்க ஒருத்தருக்கு இது தெரியாம இருக்காது, தெரியலன்னா இந்த வேலைய எடுத்திருக்கவே கூடாது.

இன்னும் மோசமான விஷயம், அந்த 14,500 டப்பாவே தேவையில்ல. எக்ஸ்32 பின்னாடி கார்டு ஸ்லாட்டுல யுஎஸ்பி கார்டு மிக்சரோடயே வந்திருக்கு, 32 சேனல் போகும் 32 சேனல் வரும். ப்ரின்டருக்குப் போடுற மாதிரி ஒரு யுஎஸ்பி ஒயர் டவுன்ல வாங்கிட்டு வந்தேன், லேப்டாப்ல டிரைவர் போட்டேன், முடிஞ்சது. பஸ் 9, 10 ரெண்டையும் ஸ்டீரியோவா லிங்க் பண்ணோம். எங்க மிக்சர்ல அவுட் 9, 10ல அந்த பஸ்தான் இருந்துச்சு, அதனால ரவுட்டிங்ல கார்டு பக்கம் போய் முதல் எட்டுக்கு "அவுட் 9-16"ன்னு வச்சதும் லேப்டாப்புக்கு 1, 2ல லைவ் மிக்ஸ் வந்துருச்சு. சாம்பிள் ரேட் மிக்சர்லயும் ஓபிஎஸ்லயும் (லேப்டாப்ல இருந்து லைவ் அனுப்புற சாஃப்ட்வேர்) 48 கிலோஹெர்ட்ஸ்னு ஒண்ணா வைக்கணும், இல்லன்னா கரகரன்னு வரும்.

அப்புறம் மிக்ஸ். ஐயரோட மைக்கையும் வேத பாட மைக்கையும் போஸ்ட் ஃபேடர்ல வச்சோம், ஏன்னா நான் ஹால்ல எறக்கும்போது லைவ்லயும் எறங்கணும், இல்லன்னா மேடைல பேசிக்கிற ரகசியமெல்லாம் துபாய் வரைக்கும் போயிரும். ட்ரம்ஸ், கீபோர்டு ப்ரீ ஃபேடர், ஹால்ல எப்படி இருந்தாலும் லைவ்ல மாறக்கூடாது. சபையார் பாடுறதுக்கு ரெண்டு கண்டென்சர் மைக்க மேல தொங்க விட்டோம், அத மெயின்ல அனுப்பவே கூடாது, லைவ் பஸ்ஸுக்கு மட்டும், அனுப்புனா கீச்சுன்னு ஃபீட்பேக் வரும். பிரசங்க நேரத்துல அந்த ரெண்டையும் கொஞ்சம் எறக்கிருவேன், ஃபேன் சத்தம் ஏறுது. ரிவெர்ப் (எதிரொலி எஃபெக்டு) ரிட்டர்னையும் லைவ் பஸ்ஸுக்கு அனுப்பணும், அத முதல் வாரம் விட்டுட்டோம், கொயர் சத்தம் வறண்டு போய் கேட்டுச்சு. பேச்சு ஓபிஎஸ் மீட்டர்ல மஞ்சள்ல, -20க்கும் -9 டெசிபலுக்கும் நடுவுல நிக்கிற மாதிரி வச்சோம். கேமரா படம் கொஞ்சம் லேட்டா வர்றதால கைதட்டிப் பாத்து சின்க் ஆஃப்செட்ல சத்தத்த அதுக்கேத்த மாதிரி தள்ளினோம். எல்லாம் சேத்து ஒரு சனிக்கிழமை மதியத்துல இருந்து ராத்திரி வரை ஆச்சு. மைக், ஸ்டாண்டு தவிர பெருசா செலவு இல்ல.

அதனால உங்க சர்ச்லயோ கோயில்லயோ சபாலயோ கல்யாண மண்டபத்துலயோ யாராவது லைவ்வுக்கு தனி மிக்ஸ் பண்ணித் தர்றேன்னு வந்தா, காசு குடுக்கறதுக்கு முன்னாடி அவரு முன்னாடியே மெயின் ஃபேடர எறக்கிப் பாருங்க. ஹெட்போன்ல கேட்டுட்டு சரின்னு சொல்லிராதீங்க, ப்ரைவேட்டா ஒரு டெஸ்ட் லைவ் போட்டு, சாதாரண மொபைல்ல, இயர்போன் இல்லாம, ஹாலுக்கு வெளிய நின்னு கேளுங்க. எந்த பஸ்ல வச்சிருக்கீங்கன்னு கேட்டு எழுதி வாங்குங்க, மிக்சர் செட்டிங் எல்லாம் சேவ் ஆகியிருக்க சீன் ஃபைல பென்டிரைவ்ல எடுத்துக் குடுக்கச் சொல்லுங்க, மிக்சர்ல உக்கார்ற ஆள் பக்கத்துல நின்னு பாக்கணும்னு கறாரா சொல்லுங்க. கை வச்சா அழிஞ்சுரும்னு சொன்னா அங்கயே நிப்பாட்டிருங்க, சீன் சேவ் பண்ணி வச்சா ஒண்ணும் அழியாது, திருப்பி எடுத்துக்கலாம். பொருள் வாங்கித் தர்றேன்னா கம்பெனி பேரு, மாடல் நம்பர் பில்லுல இருக்கணும். எங்களுக்குக் குடுத்த லெட்டர்பேடுல வெறும் "ஆடியோ இன்டர்ஃபேஸ்"னு மட்டும்தான் இருக்கு, டப்பா மேல ஒரு பேரும் இல்ல.

நுகர்வோர் உதவி எண் 1915க்கு நான் போன் பண்ணிப் புகார் குடுத்திருக்கேன். லெட்டர்பேடு, பணம் அனுப்புன ரசீது, லைவ் வீடியோ மூணும் வச்சிருக்கோம். பொருளாளர் அண்ணாச்சி 32,000ல பாதிய ஜிபே பண்ணிருந்ததால அதுக்காவது ஆதாரம் இருக்கு, மீதிப் பாதி கையில குடுத்தது, அதுக்கு ஒண்ணுமில்ல. அவரு இப்ப அந்த மீதி 10,000 கேட்டு தினமும் அண்ணாச்சிக்கு போன் அடிக்கிறாரு. டப்பாவையும் கேபிளையும் எடுத்துக்கிட்டு 32,000ஐத் திருப்பிக் குடுங்கன்னு கமிட்டி தீர்மானம் எழுதி ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பியாச்சு, பதில் இன்னும் வரல.