கூடாரத்துக்குப் பதில் ஹேமக்: பொதிகை அடிவாரத் தோப்புகளில் படுத்துப் பார்த்த மதிப்புரை

திருநெல்வேலிச் சீமையில் தோப்பிலோ மலையடிவாரத்திலோ இரவு தங்குபவருக்குக் கூடாரத்தைவிட ஹேமக்கே, அதாவது இரண்டு மரங்களுக்கு இடையே கட்டித் தொங்கவிடும் துணிப் படுக்கையே, நல்லது என்று உறுதியாகச் சொல்வேன். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, களக்காடு, திருக்குறுங்குடி ஆகிய ஊர்களை ஒட்டிய தனியார் தோப்புகளில், கோடையிலும் சாரல் காலத்திலும் மார்கழியிலும் அதில் படுத்துப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். துணியை மட்டும் வாங்கி இரண்டு மரங்களுக்கு இடையே கட்டிவிட்டால் நல்ல தூக்கம் வந்துவிடும் என்று நம்பி யாரும் கடைக்குப் போய்விடக் கூடாது என்பதும் எழுதுவதற்கு ஒரு காரணம்.

நான் வாங்கியது பாராசூட் நைலான் துணியால் ஆனது. 290 செ.மீ. நீளம், 140 செ.மீ. அகலம், கொசுவலை துணியோடு சேர்த்தே தைக்கப்பட்டிருக்கிறது. இணையத்தில் இரண்டாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகக் கிடைத்தது. தையலும், இரு முனைகளிலும் துணியைச் சேர்த்துக் கட்டியிருக்கும் விதமும், எஃகு காராபினர்களும் (திறந்து மூடும் கொக்கிகள்) குறை சொல்ல முடியாதவை. குறையெல்லாம் உடன் வந்த கட்டுக்கயிறுகளில்தான் இருக்கிறது. மெல்லிய அந்த நைலான் கயிறு, உடலின் எடை ஏறியதும் மெல்ல நீண்டு, விடிவதற்குள் படுக்கையைத் தரைப்பக்கம் இறக்கிவிடுகிறது. மரத்தின் பட்டையிலும் ஆழப் பதிகிறது. அதை ஒதுக்கிவிட்டு, குறைந்தது 2.5 செ.மீ. அகலமுள்ள பாலியெஸ்டர் நாடாக்களைத் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும். பாலியெஸ்டர் நைலான் அளவுக்கு நீளாது. அகலமான நாடா எடையைப் பரப்பிக் கொடுப்பதால் மரத்துக்கும் காயம் உண்டாகாது. பிறர் தோப்பில் தங்குகிறவருக்கு இந்த இரண்டாவது காரணம் முதற்காரணத்துக்குக் குறைந்ததன்று.

கூடாரம் நம் பக்கத்தில் ஏன் சிரமப்படுத்துகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான கூடாரங்கள் குளிரையும் காற்றையும் வெளியே நிறுத்துவதை நோக்கமாகக் கொண்டவை. பகலில் 40 டிகிரியை நெருங்கும் கோடையில், தரை உள்வாங்கிய வெக்கை இரவெல்லாம் மேலே வந்துகொண்டிருக்க, அந்தத் துணிச்சுவர்களுக்குள் படுப்பது பெரும் புழுக்கம். களக்காட்டுப் பக்கம் தரை சரிவாகவும் கல்லாகவும் இருக்கிறது; நாங்குநேரி, இராதாபுரம் பக்கத்து உடங்காடுகளில் உதிர்ந்து கிடக்கும் உடைமுள் கூடாரத்தின் அடித்துணியைத் துளைத்துவிடும். தேளும் பூரானும் தரையில் திரிபவை. தரையில் உறங்குபவரை இரவில் கடிக்கும் கட்டுவிரியனைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஹேமக்கில் இந்தத் தரைத் தொல்லைகள் அனைத்தும் ஒரே நேரத்தில் விலகுகின்றன; அடியிலும் காற்று ஓடுவதால் சித்திரை, வைகாசி இரவுகளிலும் முதுகு வியர்ப்பதில்லை. இறங்கிக் காலை வைக்கும் முன் விளக்கைப் போட்டுத் தரையைப் பார்ப்பதும், செருப்பைத் தரையில் விடாமல் நாடாவில் மாட்டி வைப்பதும் போதும்.

இனி கட்டும் முறை. ஹேமக்கைப் பற்றி வரும் முதுகுவலிப் புகார்களில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது என்பது என் எண்ணம். பார்வைக்கு அழகாக இருக்கிறதென்று பலரும் துணியை விறைப்பாக இழுத்துக் கட்டுகிறார்கள். நாடா கிடைமட்டத்தோடு 30 டிகிரி கோணத்தில் இறங்கினால், 70 கிலோ எடையுள்ளவர் படுக்கும்போது ஒவ்வொரு பக்கத்து நாடாவிலும் ஏறத்தாழ 70 கிலோ இழுவை விழும். அதையே 10 டிகிரிக்கு விறைத்துக் கட்டினால் அந்த இழுவை 200 கிலோவாகிறது. முடிச்சும் நாடாவும் மரமும் தாங்க வேண்டிய பாரம் வீணாகப் பெருகுவதோடு, துணியின் இரு ஓரங்களும் விறைத்துத் தோளை நெருக்குகின்றன. தொய்வாகக் கட்டுவதே சரி. மரங்களுக்கு இடையே நான்கு மீட்டருக்குச் சற்று அதிகமான இடைவெளி இருந்தால், நாடாவை ஏறத்தாழ ஆள் உயரத்தில் சுற்றலாம். உட்காரும்போது துணி நாற்காலி உயரத்துக்கு, அதாவது தரையிலிருந்து 45 செ.மீ. அளவில் நிற்க வேண்டும். ஹேமக்கின் இரு முனைகளையும் இணைத்து மேலே ஒரு மெல்லிய கயிறு கட்டிவிட்டால், எந்த மரத்தில் கட்டினாலும் தொய்வு மாறாது. அதன் நீளம் துணியின் நீளத்தில் நூற்றுக்கு 83 பங்கு என்பது அனுபவசாலிகளின் கணக்கு. என்னுடையதற்கு 240 செ.மீ. வருகிறது. கொசுவலை முகத்தில் படியாமல் உயர்ந்து நிற்கவும், கைவிளக்கையும் கண்ணாடியையும் தொங்கவிடவும் அதே கயிறு உதவுகிறது.

நேராகப் படுத்தால் உடல் வளைந்துதான் போகும். தலையை நடுக்கோட்டுக்கு ஒரு பக்கமும் காலை மறுபக்கமும் தள்ளிக் குறுக்காகப் படுத்தால், துணி பரந்து முதுகு ஏறக்குறையச் சமமாகிறது. ஹேமக்கை அன்றாடப் படுக்கையாகக் கொண்ட பிரேசில், மெக்சிகோவின் யுகாட்டான் பகுதி மக்கள் இப்படித்தான் குறுக்கே படுக்கிறார்கள். இதனால்தான் அகலம் 140 செ.மீ.க்குக் குறைந்த ஹேமக்கை, விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும், இரவுத் தூக்கத்துக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

எந்த மரம் என்பதில் நம் ஊர்க்காரர்கள் சொல்வதைக் கேட்பதே நல்லது. தென்னந்தோப்புகளில் மரங்கள் வரிசையாக நிற்பதால் கை தானாக அங்கேதான் போகும். கல்லிடைக்குறிச்சிப் பக்கத்துத் தோப்புக்காரர் ஒருவர் என்னிடம், “அண்ணாச்சி, தென்னைக்கு அடியில மட்டும் படுக்காதீங்க, மட்டை விழுந்தா மண்டை மிஞ்சாது” என்று சொன்னதை அப்படியே எழுதுகிறேன்; காய்க்கும் தென்னைக்கு அடியில் இரவு தங்கவே கூடாது. பனையிலும் அதே ஆபத்து உண்டு. ஆடி, ஆவணியில் பழம் விழும். முருங்கை ஒடியும். உடைமரத்தின் முள் துணியைக் கிழிக்கும். ஆற்றங்கரை மருதமரங்கள் தாங்கும் வலுவில் முதலிடம் பெறுபவை. ஆனால் பருத்த அடிமரத்தைச் சுற்ற வழக்கமான நாடா எட்டாது. மா நல்ல மரம்தான். முசுறு எறும்பு கூடு கட்டியிருக்கிறதா என்று கிளைகளை அண்ணாந்து பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அவை நாடா வழியாக வரிசை கட்டி இறங்கி வந்துவிடும். புளி வலுவானது, புளியமரத்தடியில் இரவு படுக்கக் கூடாது என்று தோப்பு வீட்டுப் பெரியவர்கள் சொன்னால், அவர்கள் சொல்லுக்கு மதிப்புக் கொடுத்து இடம் மாற்றிக்கொள்வதே முறை. எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்தால், பட்ட கிளை இல்லாத, நன்கு முற்றிய இரண்டு வேப்பமரங்களுக்கு ஈடு வேறில்லை.

கொசுவலை இல்லாத ஹேமக்கை நம் பக்கத்தில் வாங்குவது பணத்தை வீணாக்குவதாகும். தாமிரபரணிப் பாசனத்து வயல்களும் வாய்க்கால்களும் சூழ்ந்த இடத்தில் மாலை மயங்கியதுமே கொசு வந்துவிடும். ஒற்றைத் துணியாக இருந்தால், உடல் அழுந்தும் இடத்தில் கீழிருந்தே துணியினூடாகக் கடிக்கும். அடியில் ஒரு மெல்லிய நுரைப்பாயை விரித்தால் அது நின்றுவிடுகிறது. என் ஹேமக்கின் வலைக்கு ஒரு பக்கம் மட்டுமே ஜிப் வைத்திருக்கிறார்கள். இருபுறமும் திறக்க முடிந்தால், மரங்களின் அமைப்பைப் பொறுத்து எந்தப் பக்கமும் இறங்கலாம்.

மழைக்குத் தார்ப்பாய் தனியாக வேண்டும். மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் அளவில் இருந்தால் போதுமானது. சாரல் அடிக்கும் ஆனி, ஆடியில் காற்று வரும் பக்கத்தைத் தாழ இறக்கி முளையடிக்க வேண்டும். மரத்தில் வழியும் நீர் நாடா வழியே நேராகப் படுக்கைக்குள் வரும் என்பதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. தார்ப்பாயின் நிழலுக்குள், ஹேமக் தொடங்கும் இடத்துக்கு முன்பாக, நாடாவில் ஒரு சிறு பருத்தி நூலைக் கட்டித் தொங்கவிட்டால் நீர் அதன் வழியே கீழே சொட்டிவிடும். இதற்குச் செலவு ஏதுமில்லை. ஆயினும் இதைவிடப் பயனுள்ள ஏற்பாட்டை நான் காணவில்லை.

குளிர்தான் ஹேமக்கின் உண்மையான பலவீனம். கோடையில் இதமளிக்கும் அடிக்காற்று, வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் முதுகின் சூட்டை உறிஞ்சத் தொடங்குகிறது. கனத்த போர்வையை அடியில் விரித்தாலும் உடலின் எடை அதை நசுக்கிவிடுவதால் அதற்குள் தங்கும் காற்று வெளியேறிவிடுகிறது, சூடும் தங்குவதில்லை. ஹேமக்குக்கு வெளியே, அடிப்பக்கத்தில் தளர்வாகத் தொங்கவிடும் மெத்தைப் போர்வை இதற்கென்றே விற்கப்படுகிறது. நம் சமவெளியில் அது தேவைப்படாது. மார்கழியில்கூட நுரைப்பாயும் ஒரு சால்வையும் போதுமானவையாக இருந்தன. பத்தமடைக் கோரைப்பாயை விரிக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அது உடலைக் குளிர்விக்கவென்றே நெய்யப்படும் அருமையான பாய். அதனாலேயே இதற்குப் பொருந்தாது, தவிர வளைந்த துணிக்குள் அது மடிந்து கெட்டுப்போகும்.

இடத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 1988-இல் தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குள் வனத்துறையின் அனுமதி இல்லாமல் இரவு தங்குவது சட்டப்படி குற்றம். கரடியும் யானையும் நடமாடும் இடத்தில் தொங்கு படுக்கை எந்தப் பாதுகாப்பும் தராது. காட்டின் எல்லையை ஒட்டிய தோப்புகளிலும் உரிமையாளரின் அனுமதியோடு, வீட்டுக்கு அருகிலேயே கட்டுவது நல்லது. ஐப்பசி முதல் மார்கழி வரை ஆற்றங்கரையைத் தவிர்த்துவிட வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணியில் வந்த வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு, தரையிலிருந்து முழ உயரத்தில் தொங்குவது எவ்வளவு அற்பமான காப்பு என்று தெரியும்.

மரமில்லாத இடத்தில் இதற்கு வேலையில்லை. உவரிக் கடற்கரையில் தங்குபவருக்குக் கூடாரமே துணை. உடை மாற்றவும் மூட்டை முடிச்சுகளை வைத்துப் பூட்டவும் மறைவிடம் தேவைப்படும் குடும்பங்களுக்கும், தாயோடு ஒட்டிப் படுக்கும் சிறு குழந்தைகளுக்கும் கூடாரமே ஏற்றது. மூட்டுவலியால் தரையிலிருந்து எழச் சிரமப்படும் பெரியவர்களுக்கோ, நாற்காலியில் இருந்து எழுவது போலவே எழ முடிவதால், ஹேமக்கே எளிது. குப்புறப் படுத்தே பழகியவர்கள் இதை வாங்க வேண்டாம். எவ்வளவு தொய்வாகக் கட்டினாலும் அப்படிப் படுக்க இதில் இடமில்லை.