இரவிகுளம் போக எந்தப் பாதை: உடுமலையா, போடியா?

திண்டுக்கல்லில் குடியிருப்பவர்களுக்கு மே மாதம் வந்தாலே இந்த வழக்கு வந்துவிடும். மூணாறுக்குப் பழனி, உடுமலை, மறையூர் வழியாக ஏறுவதா, தேனி, போடி வழியாக ஏறுவதா? எங்கள் வீட்டில் அப்பா போடி கட்சி, நான் உடுமலை கட்சி. இரண்டு பாதையிலும் பலமுறை வண்டி ஓட்டிய பிறகும் கட்சி மாறவில்லை. அதற்கான காரணத்தைச் சொல்கிறேன்.

தூரக் கணக்கில் அப்பா பக்கம்தான் நியாயம். வத்தலக்குண்டு, பெரியகுளம், தேனி என்று போனால் மூணாறு ஏறத்தாழ 160 கிலோமீட்டர். உடுமலை சுற்றிப் போனால் 180-ஐத் தாண்டிவிடும். மூணாறு டவுனில் ரூம் போட்டு, டீ குடித்து, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உலாத்துவதுதான் நோக்கம் என்றால் போடியே போதும். நாங்கள் போவது இரவிகுளம் தேசியப் பூங்காவுக்கு, வரையாட்டைப் பார்க்க. அப்போது கணக்கு மாறுகிறது. பூங்காவின் நுழைவாயில் இருக்கும் ஐந்தாம் மைல், மறையூர்–மூணாறு சாலையிலேயே வருகிறது. உடுமலையிலிருந்து ஏறுகிறவர்கள் டவுனுக்குள் நுழையாமலே பூங்கா வாசலில் இறங்கிவிடலாம். போடியிலிருந்து வருகிறவர்கள் மூணாறைக் கடந்துதான் அங்கே போக வேண்டும். மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலையில் மூணாறு பாலத்தடியில் சிக்கியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

உடுமலைப் பாதை முதலில் யாரையும் ஏமாற்றும். அமராவதி அணைப் பக்கம் தாண்டியதும் ஆனைமலைப் புலிகள் காப்பகம் தொடங்குகிறது. மலை ஏறப்போகிறோம் என்ற அறிகுறியே இருக்காது. முள்மரம், காய்ந்த புல், அனல் காற்று. எல்லையைக் கடந்தால் சின்னாறு வனவிலங்கு சரணாலயம். அதுவும் மழை மறைவுப் பகுதிதான். கேரளம் என்றதும் பச்சையை எதிர்பார்ப்பவர்கள் இங்கே முகம் சுளிப்பார்கள். எனக்கு இந்த வறண்ட காடுதான் பிடிக்கும். ஆற்றோரத்து மருத மரங்களில் சாம்பல் நிற மலை அணில் இருக்கிறது. ஆலம்பட்டி அருகே சாலையிலிருந்தே, தூரத்தில் பாம்பாற்றில் விழும் தூவானம் அருவி வெள்ளைக் கோடாகத் தெரியும். அந்தத் தண்ணீர் கிழக்கே ஓடி நம் அமராவதிக்குத்தான் வருகிறது.

இந்தப் பாதையில் சில கட்டுப்பாடுகள் உண்டு. இருட்டிய பிறகு செக்போஸ்ட்டில் வண்டியை விட மாட்டார்கள். காட்டுக்குள் நிறுத்தி இறங்கக் கூடாது. யானை நடமாட்டம் அதிகம். இரு சக்கர வண்டியில் போகிறவர்கள் அன்றைய நிலவரத்தை முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது. உடுமலையில் டிபனை முடித்துத் தண்ணீரையும் நிரப்பிக்கொள்ளுங்கள். மறையூர் வரை நம்பி நிறுத்தக் கடை கிடையாது.

மறையூரில் அரை நாள் ஒதுக்கச் சொல்வேன். சாலையோரத்துச் சந்தனக் காட்டைக் கம்பிவேலி போட்டுக் காக்கிறார்கள்; மரத்துக்கு மரம் எண் எழுதியிருக்கிறது. பாறைமேட்டில் முனியறைகள் என்கிற பெருங்கற்காலக் கல்லறைகள் இருக்கின்றன. இதையெல்லாம்விட எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு மறக்காதது வெல்ல ஆலைதான். கூரைக் கொட்டகைக்குள் அகலமான கொப்பரையில் கருப்பஞ்சாறு கொதிக்கிறது. அடியில் எரிவது கரும்புச் சக்கை. பாகு பதம் வந்ததும் தொட்டியில் ஊற்றிக் கிளறி, கை பொறுக்கும் சூடு வந்தவுடன் இருவர் உட்கார்ந்து உருட்டத் தொடங்குகிறார்கள். உள்ளங்கைத் தடம் அப்படியே பதிந்த உருண்டைகள். ஒன்றைப் பிட்டு வாயில் போட்டால் உப்புக் கரிப்பே இல்லாத இனிப்பு. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற வெல்லம் இது. இரண்டு கிலோ வாங்கி வந்தால் ஐப்பசி வரை அதிரசத்துக்குக் கவலையில்லை.

மறையூரிலிருந்து மூணாறு 40 கிலோமீட்டர். இந்தத் துண்டுக்காகத்தான் நான் கட்சி மாறாமல் இருக்கிறேன். முள்காடு விலகிச் சோலை வருகிறது, லக்கம் அருவி வருகிறது, பிறகு தேயிலை, அதற்கு மேலே மொட்டைப் பாறை. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனமுடியின், 2,695 மீட்டர், அடிவாரத்திலேயே சாலை போகிறது. உடுமலையில் ஏசி போட்டு ஏறியவர்கள் இங்கே கண்ணாடியை இறக்கிவிடுவார்கள். வறண்ட சமவெளி எப்படிப் புல்மலையாகிறது என்பதை ஒரே காலையில் படிப்படியாகப் பார்த்துவிடலாம்.

போடிப் பாதையின் சிறப்பு வேறு. சமவெளியிலிருந்து சுவர் மாதிரி மலை எழும்பும். 17 கொண்டை ஊசி வளைவுகளில் போடிமெட்டு வந்துவிடும். திரும்பத் திரும்ப போடியும் வயல்களும் கண்ணுக்குக் கீழே சிறுத்துக்கொண்டே போகும். அம்மாவுக்கு மட்டும் இது ஆகாது. எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடியே வருவார். வாந்தி வரும் ஆட்கள் வண்டியில் இருந்தால் உடுமலை பக்கமே போங்கள், அங்கே வளைவு குறைவு. மேலே ஏறியதும் ஏலத்தோட்டங்கள். காலையில் தொழிலாளர்களை நெருக்கி ஏற்றிய ஜீப்புகள் வேகமாக ஏறும், மாலையில் அதே வேகத்தில் இறங்கும். அவர்களுக்கு அது தினக்கூலி அவசரம், ஒதுங்கி வழிவிடுங்கள்.

பூப்பாறை தாண்டினால் ஆனையிறங்கல் அணை, பெரியகானல் அருவி, பிறகு கேப் ரோடு. அரிக்கொம்பன் யானையை 2023 ஏப்ரலில் பிடித்தது இந்தச் சின்னக்கானல் வட்டாரத்தில்தான். பூப்பாறையிலிருந்து ஆனையிறங்கல் வரை அந்தி நேரத்தில் ஓட்டாதீர்கள். கேப் ரோட்டில் இப்போது சாலை அகலம், கீழே பைசன்வாலி பள்ளத்தாக்கு முழுசாக விரியும். ஆனால் அகலப்படுத்த மலையை வெட்டிய இடங்களில் 2019, 2020 மழைகளில் பெரிய சரிவுகள் ஏற்பட்டன. கோடை மழை வலுத்தால் அந்தத் துண்டை எனக்கு நம்ப மனமில்லை.

எந்தப் பாதையானாலும் ஏப்ரல், மே தான் சரியான மாதங்கள். பிப்ரவரி, மார்ச்சில் வரையாடு குட்டி ஈனும் காலம் என்று பூங்காவை மூடிவிடுகிறார்கள். 97 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்த இடம் 1975-இல் சரணாலயம், 1978-இல் தேசியப் பூங்கா. வாசலில் நம் வண்டியை விட்டுவிட்டு வனத்துறை வண்டியில் பூங்காவுக்குள் இருக்கும் ராஜமலைக்கு ஏற வேண்டும். டிக்கெட்டை முன்பே ஆன்லைனில் எடுத்துவிட்டால் வரிசை மிச்சம். திறந்த சில வாரங்களுக்குள் போனால் முயல் அளவுக்குச் சற்றே பெரிய குட்டிகள் செங்குத்துப் பாறையில் தாவுவதைப் பார்க்கலாம். கடைசியாகப் போனபோது ஒரு தாய் எங்களிடமிருந்து பத்தடியில் மேய்ந்துகொண்டிருந்தது. குட்டி பாறை விளிம்பில் நான்கு குளம்பையும் ஒரு கையகல இடத்தில் ஒடுக்கி நின்றது. பிள்ளைகள் மூச்சுவிடாமல் பார்த்தார்கள்.

அந்த ராஜமலைக்குப் பக்கத்தில்தான் பெட்டிமுடி. 2020 ஆகஸ்ட் 6 இரவு மண்சரிவில் 70 பேர் போனார்கள். தேயிலைத் தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்த தமிழ்க் குடும்பங்கள். ஜூனுக்குப் பிறகு இந்த மலைக்குப் பிள்ளைகளோடு வர எனக்கு மனம் வருவதில்லை.

ஒரே பாதையில் போய் அதே பாதையில் திரும்ப வேண்டும் என்றால் என் ஓட்டு உடுமலைக்குத்தான். இரண்டு நாள் கையில் இருந்தால் உடுமலை ஏறி, போடி இறங்குங்கள். திரும்பும்போது மூணாறிலிருந்து மதியம் இரண்டு மணிக்குள் கிளம்பிவிடுங்கள். ஒருமுறை நாங்கள் தாமதமாகி இருட்டில் போடிமெட்டு இறங்கினோம். பாதி வளைவுகளுக்குள் பிரேக் கருகும் வாடை உள்ளே வந்துவிட்டது. ஓரம் கட்டி அரை மணி நேரம் நின்றோம். அன்றிலிருந்து, ஏறின கியரிலேயே இறங்குவது என்று அப்பாவும் நானும் ஒரே கட்சி.