கான்ஸ்கிரிப்ட், டிராஃப்ட், என்லிஸ்ட்: எதை எங்கே போடுவது?

கட்டாய ராணுவச் சேவை பற்றி ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் இந்த மூன்று வினைகளும் வரிசையாக வந்து நிற்கும். மூன்றுமே 'படையில் சேர்' என்பது போலத்தான் தோன்றும். வாக்கியத்தில் போடும்போதுதான் சிக்கல்.

தமிழில் 'சேர்ந்தான்', 'சேர்த்தார்கள்' என்று ஒரு மெய்யெழுத்தை மாற்றினால் வேலை முடிந்தது. ஆங்கிலத்தில் அதற்கு வினையையே மாற்ற வேண்டும். கான்ஸ்கிரிப்ட் என்பது 'சேர்த்தார்கள்' ரகம். சேர்ப்பது அரசாங்கம், மாட்டுவது ஆள். அதனால் 'ஹி கான்ஸ்கிரிப்டட் இன் தி ஆர்மி' தப்பு. 'ஹி வாஸ் கான்ஸ்கிரிப்டட் இன்டு தி ஆர்மி' சரி. அந்த 'வாஸ்', 'இன்டு' இரண்டையும் விடாதீர்கள். நான் திருத்தும் கட்டுரைகளில் பாதிப் பிழை அங்கேதான். உச்சரிப்பிலும் ஒரு நுணுக்கம் உண்டு: வினையாக வந்தால் அழுத்தம் 'ஸ்கிரிப்ட்' மேல், ஆளைக் குறிக்கும் பெயர்ச்சொல்லானால் 'கான்' மேல்.

டிராஃப்ட் இதற்கு அமெரிக்கப் பங்காளி. இலக்கணம் அதேதான், ஊர்தான் வேறு. 1958இல் எல்விஸ் பிரெஸ்லி ராணுவத்துக்குப் போனதை 'வாஸ் டிராஃப்டட்' என்றால்தான் காதுக்கு ஒட்டும். 1916இல் கட்டாயச் சேவை கொண்டுவந்த பிரிட்டனைப் பற்றி எழுதினால் கான்ஸ்கிரிப்ட் போடுங்கள். பேச்சுவழக்கு வேண்டுமா, 'வாஸ் கால்டு அப்' போதும்.

என்லிஸ்ட் 'சேர்ந்தான்' ரகம்: 'ஹி என்லிஸ்டட் இன் தி நேவி'. தானாகப் போனான் என்று அர்த்தம். ஆனால் சிங்கப்பூரில் இந்த விதி செல்லாது. அங்கே கட்டாய தேசிய சேவைக்கான சட்டத்தின் பெயரே என்லிஸ்ட்மென்ட் ஆக்ட். விருப்பம் இருக்கிறதோ இல்லையோ, அங்குள்ள தமிழ்ப் பையனும் 'ஐ என்லிஸ்டட் இன் ஜனவரி' என்றுதான் சொல்வான். 2022 டிசம்பரில் தென்கொரியாவின் பிடிஎஸ் இசைக்குழுப் பாடகர் ஜின் ராணுவத்துக்குப் போனபோதும் ஆங்கிலச் செய்திகளில் 'என்லிஸ்ட்' என்றே வந்தது. கொரியாவிலும் அது கட்டாயம்தான். இந்த இரண்டு நாடுகளுக்கும் நானும் என்லிஸ்ட்டைத்தான் போடுவேன்.

அப்புறம், வேடிக்கைப் பயன்பாடு. கல்யாண வீட்டில் அத்தை கையில் கத்தியைத் திணித்து உட்கார வைத்தால், 'மை ஆன்ட் கான்ஸ்கிரிப்டட் மீ இன்டு சாப்பிங் ஆனியன்ஸ்'. இங்கே 'வாஸ்' வேண்டாம், பிடித்துப் போட்டவர் எழுவாயாக முன்னாலேயே நிற்கிறார். அதே அத்தை 'கொஞ்சம் கை கொடுப்பா' என்று கேட்டிருந்தால், 'ஷி என்லிஸ்டட் மை ஹெல்ப்'.