டாட் இன்னா, டாட் இந்தியாவா?

இணையதள முகவரியின் முடிவாக எதை வாங்குவது? இரண்டும் இந்தியத் தேசிய இணையப் பரிமாற்ற அமைப்பான நிக்சியின் நிர்வாகத்தில்தான். 2005இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட டாட் இன் எங்கும் சிக்கலின்றி ஓடும். தமிழிலேயே எழுதும் ‘.இந்தியா’ பெயர்ப்பலகையில் பார்க்கவே நிறைவாக இருக்கும், ஆனால் பின்னால் வேலை அதிகம். பெயரை வைத்துத் தளத்தின் சர்வரைக் கண்டுபிடிக்கும் டிஎன்எஸ்ஸில் அந்தப் பெயர் ‘எக்ஸ்என்’ என்று தொடங்கும் ஆங்கில எழுத்துக் கோவையாக மாறிவிடும். சர்வர் அமைப்பிலும் தளத்தொடர்பைப் பாதுகாக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழ் கேட்கும்போதும் அந்தக் கோவையையே கொடுங்கள். புள்ளிக்கு முந்தைய பகுதி, மாற்றியபின் 63 எழுத்தைத் தாண்டக் கூடாது.

பெயரில் ‘ஔ’ இருந்தால் கூடுதல் கவனம். ‘ஔவை’யை ஒ, ள எனத் தனித்தனியாக அடித்தால் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கு அது வேறு பெயர், வாசகர் உங்கள் தளத்துக்கு வந்து சேரமாட்டார்.

தமிழ் மின்னஞ்சல் முகவரியைப் பல படிவங்கள் இன்னும் ஏற்பதில்லை. மின்னஞ்சலை டாட் இன்னிலேயே வையுங்கள், ‘.இந்தியா’வையும் வாங்கி, ‘301’ என்னும் நிரந்தரத் திருப்பலைப் போட்டு, அங்கே வருபவர்களை டாட் இன் தளத்துக்குத் திருப்பிவிடுங்கள்.