650 வாட் என்று ஒட்டியிருந்தது: மட்டக்களப்பில் பிசி கட்டக் கொடுக்கிறவர்களுக்கு

இந்த வைகாசியில் எங்கள் ஊர்க் கண்ணகை அம்மன் கோவில் திருக்குளிர்த்திச் சடங்குக்கு நேரலை நான்தான் செய்தேன். செய்தேன் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. மூன்று கமரா, நேரலை விடுகிற ஓபிஎஸ் மென்பொருள், புதிதாகக் கட்டிய பிசி எல்லாம் கோவில் மடத்துக்குள். கனடாவிலும் சுவிஸிலும் இருக்கிற களுவாஞ்சிகுடிச் சனம் வேலை இடத்தில் போனை மறைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. குளிர்த்திப் பாடல் தொடங்கி நாலாவது நிமிடம் ‘டிக்’ என்று ஒரு சத்தம், திரை இருட்டு. மேலே ஃபேன் சுற்றுகிறது, மிக்சரில் லைட் எரிகிறது, பிசி மட்டும் செத்துக் கிடக்கிறது. திரும்பப் போட்டால் மூன்று நிமிடம் ஓடும், மறுபடி ‘டிக்’. கடைசியில் பெரியம்மாவின் மகன் தன் போனைத் தூக்கிப் பிடித்து மிச்சத்தைக் காட்டினான்.

பிசி வாங்கியது பங்குனியில், மட்டக்களப்பு டவுனில் ஒரு கடையில். கடையின் பெயரைப் போடவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும். எனக்குத் தொழில் கல்யாண வீடு, சாமத்திய வீடு வீடியோ. இரவில் கொஞ்சம் கேம், அதையும் ஸ்ட்ரீம் பண்ணுவேன். கொழும்புக்கு ரயில் ஏறி யூனிட்டி பிளாசாவில் நாலு கடை ஏறி இறங்கி வாங்கியிருக்கலாம். பழுது என்றால் 300 கிலோமீற்றருக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓட வேண்டுமே என்று யோசித்தேன். கடைக்காரரும் "பயப்படாதீங்க தம்பி, மறுகா என்ன பிரச்சினை எண்டாலும் நாங்க இஞ்சதானே இருக்கம்" என்றார். மறுகா என்றால் எங்கள் பேச்சில் பிறகு. அந்த ‘மறுகா’வில்தான் விழுந்தேன்.

வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய விலைப்பட்டியல் இப்போதும் என்னிடம் இருக்கிறது. ஐ5-12400 புரொசசர், ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ரேம் இரண்டு, 1 டிபி எஸ்எஸ்டி, கரண்டை அதிகம் வீணாக்காது என்பதற்கான 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரையுள்ள 650 வாட் பவர் சப்ளை, அதாவது பிசிக்குள் எல்லாவற்றுக்கும் கரண்ட் பிரித்துக் கொடுக்கிற பெட்டி. மொத்தம் 320,000 ரூபா. காசு கட்டிய அன்று கையில் தந்த பில்லில் இருந்தது ஒரே வரி: "கேமிங் பிசி செட் – 1, வொறண்டி 3 வருடம்." பெட்டிக்குள் கலர் கலராக லைட் எரிந்துகொண்டிருந்தது. எனக்குப் பில்லைப் பார்க்கவா மனம் வரும்?

திருக்குளிர்த்தி முடிந்த அடுத்த நாள் கல்முனையிலிருந்து மச்சான் வந்தான். கணினி திருத்துகிறவன். பக்கத் தகட்டைக் கழற்றி, பவர் சப்ளையை வெளியே எடுத்து, என் கையில் வைத்தான். காலி பிஸ்கட் டின் மாதிரி இருந்தது. "நல்ல சாமான் எண்டா கை தொங்கும்டா" என்றான். பக்கத்தில் பெரிய எழுத்தில் 650 வாட். 80 பிளஸ் முத்திரை எங்குமே இல்லை. அடியில் ஒட்டியிருந்த அட்டவணையில் சின்ன எழுத்தில், 12 வோல்ட் வரிசைக்கு நேரே 30 அம்பியர். பெருக்கிப் பாருங்கள்: 360 வாட். புரொசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் அந்த 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. 3060க்கு 170 வாட், 12400 முழு மூச்சில் ஓடினால் 117 வாட். அதோடு ஃபேன், டிஸ்க், கமராப் படத்தைப் பிசிக்குள் எடுக்கிற கப்சர் கார்டு. கார்டு ஒரு கணம் கூடுதலாக இழுக்கிற இழுவையும் இருக்கிறது. கச்சான் காற்று அடிக்கிற காலத்தில், மடத்துப் புழுக்கத்துக்குள், இந்த டின் எத்தனை நேரம் தாங்கும்? கடைக்காரர் பொய்யை ஒட்டினாலும் உண்மையை உரித்தெடுக்க மறந்துவிட்டார்.

அப்புறம் மச்சான், பிசிக்குள் என்ன இருக்கிறது என்று காட்டுகிற டாஸ்க் மனேஜரைத் திறந்தான். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமத்தினால் வருவதுதான். இரண்டு மாதமாக நான் ஒருநாளும் திறக்கவில்லை. புரொசசர் பெயர் 12400எஃப் என்று நின்றது. கார்டின் மெமரி 8 ஜிபி. நேர்மையாகச் சொல்கிறேன், ரேமும் எஸ்எஸ்டியும் சொன்னபடியே இருந்தன.

அந்த ஒற்றை ‘எஃப்’ என்னை என்ன பாடு படுத்தியது என்று அப்போதுதான் விளங்கியது. எஃப் என்றால் புரொசசருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் பகுதி வேலை செய்யாது. அதனால் அந்தப் பகுதியில் வீடியோவைக் கையாளுகிற இன்டெலின் குயிக் சிங்கும் கிடையாது. கேம் மட்டும் விளையாடுகிறவனுக்கு அதனால் ஒரு நட்டமும் இல்லை, விலையும் குறைவு. ஆனால் நான் சோனி கமராவில், நிற விவரம் கூடுதலாகப் பதிகிற 10 பிட் 4:2:2இல் எடுக்கிறேன். எச்.265 முறையில் சுருக்கிய அந்த ஃபைலை 3060 கார்டால் ஹார்ட்வேரில் விரிக்க முடியாது. இந்தக் கார்டுகளைச் செய்கிற என்விடியாவில் 2025இல் வந்த 50 வரிசையிலிருந்துதான் அது முடியும். எஃப் இல்லாத 12400 அதைச் சத்தமில்லாமல் செய்துவிடும். பட்டியலில் 12400 வேண்டும் என்று நான் கேட்டதே அதற்காகத்தான். வீடியோ வெட்டி ஒட்டுகிற பிரீமியரில் தாலி கட்டுகிற காட்சி விக்கி விக்கி ஓடும்போதெல்லாம் கமராவைச் சந்தேகித்தேன், கேபிளைச் சந்தேகித்தேன், ஒரு தடவை விண்டோஸையே அழித்துத் திரும்பப் போட்டேன்.

கார்டில் நடந்தது இன்னொரு விதம். 3060 என்ற ஒரே பெயரில் இரண்டு இருக்கின்றன. 2021இல் வந்த 12 ஜிபி கார்டில் மெமரிப் பாதை 192 பிட். அடுத்த வருடம் வந்த 8 ஜிபியில் 128 பிட். பாதை ஒடுங்கினால் கேமில் வேகம் நன்றாகவே குறையும். கடையில் கேட்டால் இரண்டுக்கும் "3060தானே தம்பி".

பிசியைக் கடைக்குக் கொண்டுபோனபோதும் அதைத்தான் சொன்னார்கள். பவர் சப்ளை பற்றிக் கேட்டதும் முதலில், ஜெனரேட்டர் கரண்டால் வந்த பழுது என்றார்கள். யூபிஎஸ் போட்டிருந்தேன், மற்ற எதுவும் அணையவில்லை என்றேன். பிறகு, "அந்த மொடல் ஸ்டொக் முடிஞ்சிட்டு, இதுவும் அதே பவர்தான்" என்றார்கள். பட்டியலைக் காட்டியதும், பெட்டியின் ஸ்டிக்கர் கிழிந்திருப்பதால் வொறண்டி போய்விட்டது என்றார்கள். பவர் சப்ளையை மட்டும் மாற்றித் தரச் சம்மதித்து உள்ளிருந்து ஒன்றைக் கொண்டுவந்தார் ஒரு பொடியன். திருப்பிப் பார்த்தேன். 30 அம்பியர். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு அழைத்து, வாட்ஸ்அப் பட்டியலையும் பில்லையும் டாஸ்க் மனேஜர் படத்தையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். பில்லில் மொடல் பெயர் இல்லாததுதான் என் பக்கத்துப் பெரிய ஓட்டை. ஆகவே நீங்கள் வாங்கும்போது ஒவ்வொரு சாமானுக்கும் முழுப் பெயரை, கடைசி எழுத்து வரை, சீரியல் நம்பரோடு பில்லில் எழுதச் சொல்லுங்கள். முகத்தைச் சுளித்தால் அந்தக் கடை வேண்டாம். மிச்சக் காசைக் கட்டுவதற்கு முன் கடையிலேயே பிசியைப் போட்டு டாஸ்க் மனேஜரைப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. சாமான் வந்த பெட்டிகளையும் கேட்டு வாங்குங்கள். எனக்கு ஒரு பெட்டிகூடத் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

புரொசசரை, எஃப் என்று சொல்லியே, பக்கத்து வீதியில் கேம் விளையாடுகிற ஒரு பொடியனுக்கு விற்றேன். எஃப் இல்லாததும் உண்மையான 650 வாட்டும் கொழும்பிலிருந்து பஸ் பார்சலில் வந்தன. காட்சி இப்போது விக்குவதில்லை. கார்டு அதே 8 ஜிபிதான், மாற்றக் கையில் காசு இல்லை. அந்த டின்னை எறியவில்லை. 360ஐ எப்படி 650 ஆக்குவது என்று பார்க்க ஆசையுள்ளவர்கள் களுவாஞ்சிகுடிப் பக்கம் வந்தால் கையில் தூக்கிப் பார்க்கலாம்.