தாஷ்கந்தில் உஸ்பெக் வகுப்பு: ஓபாவுக்காகப் போகலாம், நோட்ஸுக்காக வேண்டாம்

தாஷ்கந்துக்கு வேலைக்கோ படிக்கவோ வரும் நம்ம ஆட்கள் உஸ்பெக் எங்கே கற்றுக்கொள்ளலாம் என்று கேட்டால் நான் கைகாட்டும் இடம் ஒன்றுதான். சிலான்ஸார் பக்கம் ஒரு பழைய அடுக்குமாடியில், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை தன் வீட்டு முன்னறையில் நடத்தும் மாலை வகுப்பு. பலகையும் கிடையாது, விளம்பரமும் கிடையாது. நாங்கள் எல்லாரும் அவரை 'ஓபா' என்றுதான் கூப்பிடுகிறோம். அக்கா என்று அர்த்தம்.

நான் இங்கே ஒரு பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். என் பிள்ளைகள் 'ஐ வில் கேன் ஸ்விம்' என்று எழுதித் தள்ளுவார்கள். அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்கத்தான் சேர்ந்தேன். காரணம் சீக்கிரமே பிடிபட்டது. ஆங்கில 'கேன்' ஒரு நொண்டி வினை. அதற்கு எதிர்காலம் இல்லை, எச்சம் இல்லை, 'வில்'லுக்குப் பின்னால் வராது. உஸ்பெக்கில் அந்த வேலையைச் செய்வது 'ஓல்'. தனியாக நின்றால் 'எடு' என்று பொருள் தரும் சாதாரண வினை. எல்லாக் காலத்திலும் மடங்கும், எல்லா விகுதியும் ஏற்கும். அப்படிப்பட்ட வினையோடு வளர்ந்த பிள்ளை 'வில் கேன்' என்று எழுதாமல் என்ன செய்யும்?

இந்த 'ஓல்' பாடத்தை ஓபா நடத்துவதைப் பார்க்கவே காசு கொடுக்கலாம். 'யோஸிப் ஓலமன்' என்றால் எழுதிக்கொள்கிறேன். 'யோஸா ஓலமன்' என்றால் என்னால் எழுத முடியும். நடுவில் ஒரு துண்டு மாறினால் பொருளே வேறு. இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லுவார். முதலாவதற்குப் பேனாவை எடுக்க வேண்டும், இரண்டாவதற்குத் தலையை மட்டும் ஆட்ட வேண்டும். என் பக்கத்தில் இருந்த கொரியாக்காரர் பேனாவைக் கீழே வைக்கவே இல்லை.

ஆனால் அவர் கொடுக்கும் நகல் நோட்ஸ் இருக்கிறதே, அது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. 1993-இல் லத்தீன் எழுத்துக்கு மாறச் சட்டம் வந்த நாட்டில் இன்னும் சிரிலிக் என்ற ரஷ்ய வகை எழுத்தில் அச்சடித்த தாள்கள். அதுகூடப் போகட்டும். உள்ளே இருப்பது ஆங்கிலத்தை இடப்பக்கம் வைத்த அட்டவணை. 'கேன்'னுக்கு எதிரே 'மும்கின்', 'மே'க்கு எதிரேயும் 'மும்கின்'. 'மஸ்ட்'டுக்கு எதிரே கெராக், லோஸிம், ஷார்ட், ஸரூர் என்று நான்கு. எதை எங்கே போடுவது என்று ஒரு வரி இல்லை. இன்னொரு வினையோடு ஒட்டி வரும் துணைவினைகளையோ 'ஆங்கிலத்தில் இணை இல்லை' என்று கடைசித் தாளுக்குத் தள்ளிவிட்டார்கள்.

நமக்கு வேண்டியதே அந்தக் கடைசித் தாள்தான்! சோர்ஸு சந்தையில் உலர்பழம் விற்கிறவர் ஒரு அப்ரிகாட்டை நீட்டி 'யெப் கோரிங், ஓபா' என்கிறார். அதைத் தமிழில் சொல்லுங்கள்: 'சாப்பிட்டுப் பாருங்க, அக்கா'. கோர் என்றால் பார்தான். 'யோஸிப் கோய்' எழுதி வை. 'மெங்கா சூவ் கெராக்' எனக்குத் தண்ணீர் வேணும். ஆங்கிலத்தில் 'ட்ரை', 'நீட்' என்று சுற்றிக்கொண்டு போய்ச் சேரும் இடத்துக்கு நாம் நேராக இறங்கிவிடலாம். (உடனே யாரும் தமிழுக்கும் உஸ்பெக் அடங்கிய துருக்கிய மொழிகளுக்கும் உறவுமுறை கண்டுபிடிக்கக் கிளம்ப வேண்டாம். அமைப்பு ஒத்துப்போகிறது, அவ்வளவுதான்.)

ஒத்துப்போகாத இடமும் உண்டு, அங்கேதான் ஆசிரியை தேவைப்படுகிறார். நாம் தூங்கிப் போய்விட்டேன் என்போம். அவர்கள் 'உஹ்லாப் கோல்தீம்' என்பார்கள். 'கோல்' என்றால் தங்கு. நமக்குப் போவது அவர்களுக்குத் தங்குகிறது. நான் தமிழை நம்பி 'போ'வைப் போட்டபோது ஓபா சிரித்துவிட்டு, தூங்கினவர் எங்கே போனார் என்று கேட்டார்.

ஒரு நாள் வெப்பக்குழாய் ரிப்பேர்காரருக்காகக் காத்திருந்தோம். ஓபா 'ஊஸ்தா ஊச்தா கெலிஷி கெராக்' என்றார். மூன்று மணிக்கு வர வேண்டும், சொன்ன பேச்சு அது. மூன்றரைக்கு 'கெல்சா கெராக்' ஆகிவிட்டது. வருவாராக இருக்கும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ஷுட்' போட்டு ஒப்பேற்றிவிடலாம். கடமையா ஊகமா என்று கேட்பவர்தான் யூகிக்க வேண்டும். இங்கே வினையின் உருவமே மாறுகிறது. அட்டவணையில் இது இல்லவே இல்லை. ஆள் நான்கு மணிக்குத்தான் வந்தார்.

இன்னொரு குறை: வகுப்பில் படிப்பது ஏட்டு உஸ்பெக். 'என்ன செய்கிறாய்' என்பதற்கு 'நிமா கில்யப்ஸன்' என்று மனப்பாடம் செய்துவிட்டு வெளியே வந்தால், தாஷ்கந்துத் தெருவில் 'நிமா கில்வோஸ்ஸன்' என்று காதில் விழும். முதல் சில வாரம் திருதிருவென்று விழிக்க வேண்டியதுதான். பேச்சு வழக்குக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்கச் சொல்லிக் கேட்டேன். 'முதலில் சரியானதைக் கற்றுக்கொள்' என்றார். வாத்தியார் வாத்தியார்தான்.

மருத்துவம் படிக்க சமர்கந்து, புகாரா போகிற பிள்ளைகள் வழியில் இங்கே ஒரு மாதம் தங்க முடிந்தால் தாராளமாகச் சேரலாம். இந்த வகுப்பில் பாடம் ஆங்கிலத்தில்தான் நடக்கும். நோட்ஸை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, ஓபா சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்துக்குக் கீழேயும் தமிழில் எழுதிக்கொண்டு வாருங்கள். கட்டணம் மாதக் கடைசியில், ரொக்கமாக. பச்சைத் தேநீரும் ரொட்டியும் அதில் அடக்கம். மார்ச் 21 வசந்தப் பண்டிகையான நவ்ரூஸை ஒட்டி வகுப்பு இருக்காது, முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள்.